குராமோச்சியின் வலது தோள்

கிதாமி, ஹொக்காய்தோ
18 நவம்பர் 1984

ரூய்கே மோரியோ அவர்களுக்கு,

அங்கே குளிர் எப்படி, கடல் எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். எனக்கு அதற்கு மனம் வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. என் பெயர் தொமோயே. குராமோச்சி தெய்ஜியின் மனைவி. பள்ளிக்கூடத்து பேஸ்பால் அணியில் அவர் பந்தெறிய, நீங்கள் எதிரே குந்தியிருந்து பிடித்தீர்கள் என்று போன மாதம்தான் எனக்குத் தெரிய வந்தது. அதற்கு முன் அவர் பேஸ்பால் ஆடியவர் என்பதே எனக்குத் தெரியாது. தோளில் என்ன என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். லாரியிலிருந்து விழுந்தேன் என்றார். பதினான்கு வருடமாக அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

உங்கள் சாப்பாட்டுக் கடையில் அவர் படம் மாட்டியிருக்கிறதாம். பந்தை எறியும் கணத்தில் எடுத்த பெரிய படம். அதைக் கழற்றிவிடுங்கள். வருகிறவர்களுக்கு அவர் கதையைச் சொல்கிறீர்களாம். அதையும் நிறுத்திவிடுங்கள்.

காரணம் கேட்பீர்கள். அக்டோபரில் வெங்காய லோடு கொண்டு ஹாச்சினோஹேக்கு வந்தபோது என் கணவர் உங்கள் கடைக்கு வந்தார். அடுப்புக்கு முன்னால் நீளப் பலகையில் உட்கார்ந்தார். உங்கள் கையால் பீர் ஊற்றிக் கொடுத்தீர்கள். அவருடைய கதையை அவருக்கே சொன்னீர்கள்.

இதற்குமேல் எழுத எனக்குக் கூசுகிறது.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. பதில் எழுத வேண்டியதில்லை. படத்தைக் கழற்றினால் போதும்.

குராமோச்சி தொமோயே


ஹாச்சினோஹே
27 நவம்பர் 1984

அம்மா,

பதில் வேண்டாம் என்றீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். என்னை நிற்க வைத்துச் சாணி அடித்துவிட்டு வாயைத் திறக்காதே என்றால் எப்படி?

முதலில் ஒன்று. உங்களிடம் யாரோ கதை விட்டிருக்கிறார்கள். தெய்ஜி என் கடைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரியாதா? மூன்று வருடம் அவன் பந்தைப் பிடித்தவன் நான். இன்றும் என் இடது கை ஆள்காட்டி விரல் கோணலாக இருக்கிறது, அவன் செய்த வேலை. இருட்டில் நிறுத்திவைத்துத் தும்மச் சொன்னாலும் இவன்தான் குராமோச்சி என்று சொல்லிவிடுவேன். எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்து பீர் குடித்துவிட்டுப் போனானாம், எனக்குத் தெரியவில்லையாம்! கேட்டால் ஊரே சிரிக்கும்.

இரண்டாவது, அந்தப் படம். நீங்கள் வடக்கே பிறந்தவர், உங்களுக்குத் தெரியாது. 1961 கோடையில் மாகாண இறுதி ஆட்டத்தில் அவன் எறிந்த அன்று இந்தத் துறைமுகத்தில் ஒரு படகும் கிளம்பவில்லை. கணவாய் பிடிக்கிறவர்கள் வலையைக் கரையிலேயே போட்டுவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒசாகா பக்கத்துத் தொழில்முறை அணி அவனை எடுத்துக்கொண்டபோது ரயிலடியில் பேண்டு வாத்தியம் வைத்து அனுப்பினோம். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது யார்? நான்.

பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். இரண்டாவது வருடம் தோள் போய்விட்டது என்று செய்தித்தாளில்தான் படித்தேன், அதுவும் மூலையில் மூன்று வரி. கடிதம் போட்டேன், திரும்பி வந்தது. மறுபடி போட்டேன், அதுவும் வந்தது. அவன் அம்மா செத்ததற்குக்கூட ராத்திரி வந்து காலையில் போய்விட்டான், ஒரு வாசலிலும் நிற்கவில்லை. இருபது வருடமாக ஒரு புத்தாண்டு அட்டை இல்லை. அவன் எங்களை மறந்தான். நாங்கள் அவனை மறக்கவில்லை. இந்த ஊரில் இன்னும் அவன் பெயரைச் சொல்கிறார்கள் என்றால் அது என் வாயால்தான்.

நன்றி சொல்ல வேண்டாம். கழற்றச் சொல்லாதீர்கள்.

ஆனாலும் அவன் உயிரோடு, குடும்பத்தோடு இருக்கிறான் என்று தெரிந்ததில் சந்தோஷம். ஒரு நாள் வரச் சொல்லுங்கள். சாப்பாடு என் செலவு.

ரூய்கே மோரியோ


கிதாமி
5 டிசம்பர் 1984

ரூய்கே அவர்களுக்கு,

அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. மழை. சாயங்காலம் லாரியோடு ஹொக்காய்தோ திரும்புகிற கப்பலுக்கு இன்னும் நேரம் இருந்ததால் ஒருவர் வந்தார். சாம்பல் நிற வேலைச் சட்டை, கன்னம் முழுக்க நரைத்த தாடி, கழுத்தில் துண்டு. நீங்கள் கேட்டீர்களாம்:

"எந்த ஊரு டிரைவரே?"

"வடக்க. வெங்காய லோடு."

"வெங்காயமா! அப்ப நீங்க அழுது அழுது கண்ணு காஞ்சு போயிருக்கும். இருங்க, இன்னிக்கி நான் அழ வைக்கிறேன்."

உடனே பக்கத்தில் இருந்தவர், ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர் என்று என் கணவர் நினைத்தாராம், "ஆரம்பிச்சுட்டான்யா" என்று பெஞ்சைத் தட்டினாராம். நீங்கள் கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு இறுதி ஆட்டத்தைச் சொன்னீர்கள். கடைசி ஆளுக்கு எறிவதற்கு முன், பந்தெறிகிற பிட்சர் உங்களிடம் வந்து, "மோரியோ, என் தோள் செத்துருச்சு, ஆனா இந்த ஒரு பந்து ஊருக்கு" என்று சொன்னதாகவும், பந்து பிடிக்கிறவர் மாட்டும் முகமூடிக்குள் நீங்கள் அழுததாகவும் சொன்னீர்கள். கடைசிப் பந்து வளைந்து வந்ததாகச் சொன்னீர்கள்.

அந்த டிரைவர், "அது நேரா வந்த பந்து இல்லையா?" என்று கேட்டார்.

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்ல. ரேடியோல கேட்டேன்."

"ரேடியோக்காரனுக்கு என்னய்யா தெரியும்? பிடிச்சவன் நான் சொல்றேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஒன்று செய்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா? அந்த மாவீரன் இப்போது எப்படி இருக்கிறான் தெரியுமா என்று கேட்டுவிட்டு, வலது கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, விரலில் சீப்பு வைத்திருப்பது போலப் பிடித்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கைக்குக் கொண்டுபோனீர்கள். "கை தலைக்குப் போகாது. அதனால தலை கைக்கு வரும்!"

அவர் அப்படித்தான் தலை சீவுகிறார், ரூய்கே அவர்களே. தினமும் காலையில்.

அவரும் சிரித்தாராம். எழுந்து, பணத்தை வைத்துவிட்டு, "ரொம்ப நல்லாயிருந்துச்சு" என்று உங்களிடம் சொல்லிவிட்டுக் கப்பலுக்குப் போனாராம். "வந்தா மறுபடி வாங்க டிரைவரே" என்றீர்களாம்.

உங்களுக்கு அவர் தும்ம வேண்டியிருக்கவில்லை. பேசினார். சிரித்தார். நீங்கள் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

தொமோயே


ஹாச்சினோஹே
14 டிசம்பர் 1984

தொமோயே அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. அன்று கடையைத் திறக்கவில்லை. காய்ச்சல் என்று கதவில் எழுதி ஒட்டினேன். பொய்.

அந்த டிரைவரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்து என் பக்கம் வைத்தார். இடது கையால். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

அது நேர்ப்பந்துதான். வளைந்தது என்று சொன்னால் கேட்கிறவர்கள் "ஆ" என்பார்கள். ஒருமுறை சொன்னேன், பிறகு மாற்றவே இல்லை. அவன் என்னிடம் வந்து எதுவும் சொல்லவும் இல்லை. அன்றைக்கு அவன் தோளில் எந்தக் கோளாறும் கிடையாது. கடைசி ஆளுக்கு முன்னால் அவன் என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்று: "பசிக்குதுடா." இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இதைச் சொன்னால் யார் கேட்பார்கள் என்று நினைத்திருப்பேன் போல.

கை விஷயம், சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய ஆட்டக்காரர் இந்தப் பக்கம் வந்தபோது சொன்னார். ஒசாகா அணியின் விடுதியில் அவன் தலை சீவப் பட்ட பாட்டை. அவர் சொன்னபோது நான் அழுதேன், சத்தியமாக. மறுநாள் கடையில் நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஆட்டத்தைக் கேட்காவிட்டாலும் அதைக் கேட்டார்கள். "சீப்பு போடு, சீப்பு போடு" என்பார்கள்.

படத்தைக் கழற்றிவிட்டேன். ஐஸ் ஃபேக்டரி மத்சுபாரா, அன்றைக்குப் பெஞ்சைத் தட்டினவன் அவன்தான், "எங்கய்யா நம்ம ஆளு?" என்று கேட்டான். சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறேன் என்றேன். அதுவும் பொய்.

கடிதத்தில் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. நேரில் வருகிறேன். புத்தாண்டு முடிந்ததும் கப்பல் ஏறுவேன்.

ரூய்கே


கிதாமி
22 டிசம்பர் 1984

ரூய்கே அவர்களுக்கு,

வராதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து என் கோபம் பாதி போய்விட்டது. அந்தப் பசி விஷயத்தைப் படித்துச் சிரித்தும்விட்டேன். இன்றும் அவருக்கு எல்லாச் சமயத்திலும் பசிக்கும். ஆனால் வராதீர்கள். இங்கே அவர் லாரி ஓட்டுகிற குராமோச்சி. வெங்காயம் சேமிக்கிற கிட்டங்கியில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. வேலைக்குச் சேரும்போது தோளைப் பற்றிச் சொல்லவும் இல்லை. மூட்டையை இடது கையிலும் முழங்காலிலும் ஏற்றிக்கொண்டு எப்படியோ தூக்கிவிடுவார், யாரும் கவனித்ததில்லை. நானும் அதே கிட்டங்கியில் வெங்காயம் தரம் பிரிக்கிறேன். எனக்குத் தெரிந்துதான் சொல்கிறேன்.

படத்தைக் கழற்றினீர்கள். அது போதும். புத்தாண்டு நல்லபடியாகப் பிறக்கட்டும்.

தொமோயே


கிதாமி
20 ஜனவரி 1985

ரூய்கே அவர்களுக்கு,

வராதீர்கள் என்று எழுதினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரா நீங்கள்?

வந்ததுதான் வந்தீர்கள், வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா? காலையில் லாரிகள் எல்லாம் பனிக்காகச் சக்கரத்தில் சங்கிலி மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிற நேரமாகப் பார்த்தா வர வேண்டும்? நான் உள்ளே தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். "யாரோ உன் வீட்டுக்காரர் கால்ல விழுந்து கிடக்காங்க" என்று ஒருத்தி வந்து சொன்னாள். ஓடி வந்து பார்த்தால் பனியில் நெற்றியைப் புதைத்துக்கொண்டு ஒரு ஆள், பக்கத்தில் சாராய பாட்டிலும் காய்ந்த கணவாய்ப் பெட்டியும்.

"என்ன குராமோச்சி, வட்டிக்கு விடுறியா நீ?" என்று ஒரு டிரைவர் கேட்டார். சிரித்தார்கள். அதோடு முடிந்திருக்கும். நீங்கள் தலையைத் தூக்கி, கடையில் கேட்கும் அந்தக் குரலில், "இவர் யாருன்னு தெரியுமாய்யா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தீர்கள். படகு ஒன்றும் கிளம்பாத நாள், பேண்டு வாத்தியம், ஒசாகா, தோள். எல்லாவற்றையும் சொன்னீர்கள். முழங்காலில் நின்றுகொண்டே! மன்னிப்புக் கேட்க வந்தவர் மறுபடி அதே கதையை, அவரையே எதிரில் நிறுத்திவைத்துச் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அவர் "எந்திரிடா" என்றது உங்களுக்குக் கேட்டதா? மூன்று முறை சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். இப்போது அவர் மூட்டைக்குக் கை வைத்தால் நான்கு பேர் ஓடி வருகிறார்கள். "நீங்க விடுங்க அண்ணே" என்கிறார்கள். பதினைந்து வருடம் அவரை "யோவ்" என்று கூப்பிட்டவர்கள். மேலாளர் கூப்பிட்டு, "தோள் இப்படின்னு தெரிஞ்சிருந்தா மலைப்பாதைக்கு வண்டி குடுத்திருக்கவே மாட்டோமே" என்று சொல்லிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். டாக்டரிடம் காட்டிவிட்டு, பனி முடிவதற்குள் முடிவு சொல்வாராம். இப்போது அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, அழுகின வெங்காயம் பொறுக்குகிறார்.

உங்கள் கடிதங்களை அவரிடம் கொடுத்துவிட்டேன். மறைப்பதில் இனி என்ன இருக்கிறது? படித்துவிட்டு மடித்து வைத்தார். பிறகு சொன்னது இது. நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"நான் தெரியாம அந்தக் கடைக்குள்ள நுழையல தொமோயே. வேணும்னேதான் போனேன். அந்தத் தெருவுல முன்னாடியே எத்தனையோ வாட்டி நடந்து திரும்பி வந்திருக்கேன். அன்னிக்கித்தான் தைரியம் வந்துச்சு. கதவத் தொறந்தா, 'டேய் தெய்ஜி'ன்னு கத்துவான், கரண்டிய எறிவான், நாலு அடி போடுவான், எங்கடா போனேன்னு கேப்பான், என்ன சொல்லலாம்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே போனேன். அவன் என் மூஞ்சியப் பாத்து எந்த ஊரு டிரைவரேன்னான். அவன் என்னைய மாதிரி நடிச்சதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் நடிச்சான். மேல அந்தப் படம். அதுல இருக்கறவனப் பாத்துட்டு, அதுக்குக் கீழ உக்காந்து, நான்தான் அதுன்னு எப்படிச் சொல்றது? அவனுக்கே தெரியாதப்ப?"

இதை, உங்களை நோகடிக்க வேண்டும் என்றுதான் எழுதத் தொடங்கினேன். ஆனால் என் பங்கைச் சொல்லாமல் உங்களைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சீப்பு வேடிக்கையை நானும் செய்வேன். இங்கே தரம் பிரிக்கிற பெண்களுக்கு நடுவில், வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது. "எங்க வீட்டுல தலைதான் சீப்பத் தேடிப் போகும்" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் காதில் விழும்படிகூடச் சொல்லியிருக்கிறேன். அவர் உங்கள் கடையிலிருந்து திரும்பி வந்த மறுநாள் காலை, கண்ணாடி முன்னால் நின்றவரிடம், "கொண்டாங்க தலைய, சீப்பு காத்துக்கிட்டிருக்கு" என்றேன். வழக்கம்போலச் சிரிக்கவில்லை. சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "நீயுமா?" என்றார். அப்படித்தான் எனக்கு எல்லாம் தெரிய வந்தது.

லாரியிலிருந்து விழுந்த ஒருவர் என்றால் சிரிக்கலாம், பெரிய பிட்சர் என்றால் சிரிக்கக் கூடாது என்று இருக்கிறதா என்ன? அந்தக் கேள்வி வந்ததிலிருந்து என்னால் அந்தப் பெண்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்களுக்கு அந்த முதல் கடிதத்தை அவ்வளவு நிமிர்ந்து எழுதினேனே, எந்த முகத்தோடு எழுதினேன்?

கணவாயைத் திருப்பி அனுப்பவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டார்.

தொமோயே


ஹாச்சினோஹே
3 பிப்ரவரி 1985

தொமோயே அவர்களுக்கு,

உங்கள் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தெய்ஜி எப்படிப்பட்டவன், அவனிடம் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று நான்கு பக்கம். முடித்துப் படித்துப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே படகு ஒன்றும் கிளம்பவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன். நான் எதைத் தொட்டாலும் அது கதையாகிவிடுகிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் கீழே போக எனக்கு இடமில்லை. அன்றைக்குப் பனியில் நெற்றியை வைத்தபோது நான் நிஜமாகவே அழுதேன். குளிர் மண்டைக்குள் ஏறியது. ஆனால் மனதில் ஒரு மூலை, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தது. டிரைவர்கள் கூடிவிட்டார்கள் என்று தெரிந்ததும் என் குரல் தானாக ஏறியது. திரும்பும்போது கப்பலில், நன்றாகச் செய்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். கிட்டத்தட்டச் சந்தோஷமாக இருந்தேன் அம்மா. உங்கள் கடிதம் வரும்வரை.

அவன் அந்தத் தெருவில் நடந்து நடந்து திரும்பிப் போனதை நினைத்தால், கடை வாசலுக்குப் போய் நிற்கவே எனக்குக் கால் கூசுகிறது.

எதுவும் செய்யாதே என்று நீங்கள் சொன்னால் எதுவும் செய்யாமல் இருப்பேன். அது எனக்கு வராத காரியம். முயன்று பார்க்கிறேன்.

ரூய்கே


கிதாமி
24 மார்ச் 1985

ரூய்கே அவர்களுக்கு,

ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கு நன்றி. பதில் தாமதமானதற்குக் காரணம், சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லாதிருந்ததுதான். இப்போது இருக்கிறது.

அவர் மேலாளரிடம் போய், "டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடி நான் ஓட்டுறத நீங்க பாருங்க" என்று கேட்டிருக்கிறார். இதுவரை எதையும் கேட்டு வாங்காத மனிதர். போன வியாழக்கிழமை முழு லோடு ஏற்றிய வண்டியைக் கொடுத்தார்கள். முற்றமெல்லாம் உருகி மறுபடி உறைந்த பனி. வெளியே ஓட்டிப் போய், மேட்டில் ஏறித் திரும்பி வந்து, மூன்றாம் கிட்டங்கியின் குறுகல் வாசலில் பின்பக்கமாக நுழைக்க வேண்டும். தோள் நல்லாயிருக்கிறவர்களே அங்கே மூன்று தடவை முன்னே பின்னே போவார்கள்.

பெண்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றுவிட்டார்கள். நான் வரவில்லை என்றேன். இழுத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு அவரைப் பார்க்கத் தைரியமில்லை. அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. என் சீப்பு வேடிக்கைக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்கள்.

கியர் எப்படியும் இடது கையில்தானே. வலது கை ஸ்டியரிங்கின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மடியிலேயே இருந்தது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஒரே தடவையில் உள்ளே விட்டார். இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட இல்லை. இறங்கி, மேலாளரிடம், "மூட்டைய நானே ஏத்துவேன். யாரும் உதவிக்கு வரக் கூடாது, சொல்லி வைங்க" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, "பசிக்குது" என்றார்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் இந்தப் பருவத்துக் கடைசி லோடு ஹாச்சினோஹேக்குப் போகிறது. அவர்தான் ஓட்டுகிறார். உங்கள் கடைக்கு வருவாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். "பாக்கலாம்" என்றார். தாடியை எடுத்துவிட்டார், அது மட்டும் எழுதுகிறேன்.

தொமோயே


ஹாச்சினோஹே
21 ஏப்ரல் 1985

தொமோயே அவர்களுக்கு,

வந்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக் கணவாயைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கதவுச் சத்தம் கேட்டு, "வாங்க" என்றேன், எல்லோருக்கும் சொல்வது போல. திரும்பினேன். அவன் உட்காராமல் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தான். தெரிகிறதா இல்லையா என்று பார்க்கிறான். எனக்குப் புரிந்தது.

"தெய்ஜி" என்றேன்.

"ம்" என்றான். உட்கார்ந்தான்.

பீர் வைத்தேன். கணவாய் வைத்தேன். சோறு வைத்தேன். சாப்பிட்டான். எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. மன்னிப்பு என்று வாயெடுத்தேன். "மறுபடி முட்டி போட்டேன்னு வெச்சுக்க, இந்தக் கடைக்குள்ள காலே வைக்க மாட்டேன்" என்றான். சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல்.

மத்சுபாராவும் இருந்தான். ஆளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "யாருய்யா இது, புதுசா இருக்கு?" என்றான்.

தொமோயே அம்மா, நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும். என் வாழ்நாளில் இதைவிட நல்ல இடம் எனக்கு அமையாது. கடை நிறைய ஆள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாக்கு நுனியில் வந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டேன்.

அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். நான் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் அவனே சொன்னான்.

"குராமோச்சி. இந்த ஊருதான்."

"எந்தக் குராமோச்சி? அந்த பிட்சர் குராமோச்சிக்குச் சொந்தமா?"

"அவனேதான். இப்ப வெங்காய லாரி."

மத்சுபாராவுக்கு அக்டோபர் ஞாபகம் வந்துவிட்டது. முகம் அவித்த நண்டு மாதிரி ஆயிற்று. "அன்னிக்கி... பெஞ்சத் தட்டிச் சிரிச்சது நாந்தான்" என்றான்.

"நானுந்தான சிரிச்சேன்" என்றான் தெய்ஜி. "இன்னொரு சோறு குடு."

அவ்வளவுதான் பேச்சு. இதை அழகாக்க எனக்குக் கை அரிக்கிறது. விட்டுவிடுகிறேன். அவன் முகத்தில் மன்னித்துவிட்ட மாதிரி எதுவும் தெரியவில்லை. கோபமும் தெரியவில்லை. இரண்டு தடவை என்னைப் பார்த்தான். இரண்டு தடவையும் நான்தான் முதலில் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

கப்பல் நேரம் வந்ததும் எழுந்து கோட்டை எடுத்தான். வலது கையை முதலில் நுழைக்க வேண்டும் போலிருக்கிறது. உடம்பை வளைத்து, கோட்டுக் கையைத் தொங்கவிட்டு, கையை உள்ளே விட்டுத் தேடினான். நேரமாயிற்று. பிடித்துவிட வேண்டும் என்று என் கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டேன். கடையில் எல்லோரும் அவரவர் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். இதையாவது சரியாகப் பார்க்க வேண்டும் என்று.

"செப்டம்பர்ல புது வெங்காயம்" என்றான்.

"வா" என்றேன்.

போய்விட்டான். கதவு மூடியதும் மத்சுபாரா பெஞ்சில் குனிந்தபடி, மெதுவாகக் கேட்டான்: "ஏய்யா மோரியோ, நிஜமாவே என்னதான்யா ஆச்சு அவனுக்கு? ஒசாகாவுல?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "அவனத்தான் கேக்கணும்."

ரூய்கே மோரியோ